எடைக்கு ஏற்ற டோஸ் கணக்கு: விடை 6.7 மில்லியா, 20 மில்லியா?

கெடிலக்கரை_மாணவி:
வணக்கம். கடலூர்ல பி.எஸ்சி. நர்சிங் படிக்கிறேன். அடுத்த வாரம் குழந்தைகள் வார்டு போஸ்டிங். ஒரு கணக்குல சிக்கி நிக்கிறேன். குழந்தை எடை 12.5 கிலோ. அமாக்ஸிசிலின், கிலோவுக்கு நாளைக்கு 40 மில்லிகிராம், மூணு வேளையா பிரிச்சுக் கொடுக்கணும். சிரப் 5 மில்லியில 125 மில்லிகிராம். ஒரு வேளைக்கு எத்தனை மில்லி? எனக்கு 20 மில்லி வருது. விடையில 6.7 மில்லின்னு போட்டிருக்கு. எந்த இடத்துல தப்பு பண்றேன்?

பாகூர்_சிஸ்டர்:
உன் பெருக்கல் சரிதாம்மா. 12.5 × 40 = 500 மில்லிகிராம். ஆனா அது ஒரு நாள் முழுசுக்கும். மூணால வகுக்கல நீ. 500 ÷ 3 = 166.7 மில்லிகிராம் ஒரு வேளைக்கு. சிரப்ல 125 ÷ 5, அதாவது ஒரு மில்லியில 25 மில்லிகிராம். 166.7 ÷ 25 = 6.7 மில்லி.

20 மில்லியை மூணு வேளையும் கொடுத்தா குழந்தைக்கு நாளைக்கு 1,500 மில்லிகிராம் போகும், கிலோவுக்கு 120. எழுதினதுக்கு மூணு மடங்கு. எடைக் கணக்குல நான் அதிகமாப் பார்க்கிற தப்பே இதுதான்: "ஒரு நாளைக்கு"ங்கிறதையும் "ஒரு வேளைக்கு"ங்கிறதையும் மாத்திப் படிக்கிறது. பாராசிட்டமால் கிலோவுக்கு 15 மில்லிகிராம்னு சொன்னா அது ஒரு வேளைக்கு. அமாக்ஸிசிலின் 40னு சொன்னா ஒரு நாளைக்கு. ரெண்டுமே "கிலோவுக்கு இத்தனை"ன்னுதான் வாய்ல வருது. அதனால ஆர்டரைப் படிச்சதும் முதல்ல அந்த ஒரு சொல்லுக்கு அடிக்கோடு போடு, அப்புறம் பேனாவைக் கணக்குல வை.

மஞ்சக்குப்பம்_மருந்தகம்:
சிஸ்டர் சொன்னதோட ஒன்று சேர்க்கிறேன். 6.7 × 3 = 20 மில்லி ஒரு நாளைக்கு. பாட்டில் 60 மில்லி என்றால் மூன்றே நாளில் தீர்ந்துவிடும். ஐந்து நாள் கோர்ஸுக்கு 100 மில்லி வேண்டும், ஆக இரண்டு பாட்டில். இதை அம்மாவிடம் முன்னாலேயே சொல்லாவிட்டால், பாட்டில் காலியானதும் மருந்து முடிந்தது என்றே நினைப்பார்கள்.

தூளாக வரும் சிரப்பில் அளவு கெடுவது தண்ணீர் ஊற்றும்போதுதான். மூடியைத் திறக்கும் முன் பாட்டிலைக் கவிழ்த்து உள்ளங்கையில் தட்டி, அடியில் கட்டியாக இருக்கும் தூளை உதிர்க்க வேண்டும். கொதித்து ஆறிய தண்ணீரைக் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே வரை ஊற்றிக் குலுக்கி, நுரை அடங்கும் வரை மேஜைமேல் வையுங்கள். நுரை அடங்கியதும் மட்டம் கோட்டுக்குக் கீழே இறங்கியிருக்கும். அப்போது மீதித் தண்ணீரைக் கோடு வரை ஊற்றி மறுபடி குலுக்க வேண்டும். நுரையின் உச்சியைப் பார்த்து நிறுத்தினால் மருந்து கெட்டியாகிவிடும், கோட்டைத் தாண்டினால் நீர்த்துவிடும். இரண்டிலும் "5 மில்லியில் 125" என்ற லேபிள் பொய்யாகிவிடுகிறது. 6.7 என்று நீங்கள் துல்லியமாகப் போட்ட கணக்கும் அதோடு போச்சு.

கெடிலக்கரை_மாணவி:
நன்றி அக்கா, நன்றி சார். 6.7 மில்லியை எதுல அளக்கிறது? வார்டுல 5 மில்லி கரண்டிதானே இருக்கு?

பாகூர்_சிஸ்டர்:
10 மில்லி சிரிஞ்ச் எடு, ஊசி வேண்டாம். ஆனா கோட்டை எண்ணிப் பாரு. சில 10 மில்லி சிரிஞ்ச்ல ஒரு கோடு 0.2 மில்லி, சிலதுல 0.5. 6.7 துல்லியமா எந்தக் கோட்டுலயும் நிக்காது. 6.6 இல்ல 6.8 கொடுத்தா அமாக்ஸிசிலின்ல ஒண்ணும் ஆகாது, ஆனா எந்த அளவுக்கு முழுமையாக்கலாம்னு டியூட்டி டாக்டர்கிட்ட கேட்டு சார்ட்ல எழுத வை. நீயா முடிவு பண்ணாதே.

அளவு படிக்கிற இடமும் முக்கியம். சிரிஞ்சோட கறுப்பு ரப்பர்ல ரெண்டு வளையம் தெரியும். மருந்தைத் தொடுற முன் வளையத்தைக் கோட்டோட ஒட்டிப் படிக்கணும், கைப்பிடிப் பக்கம் இருக்கிற பின் வளையத்தை இல்ல. முன் வளையம் கூம்பா இருந்தா நுனியைப் பார்க்காதே, ரப்பர் சிரிஞ்ச் சுவரைத் தொடுற விளிம்பைப் பாரு. 1 மில்லி சிரிஞ்ச்ல இதைத் தப்பாப் படிச்சா டோஸ் கணிசமா மாறிடும்.

நெல்லிக்குப்பம்_ஜிஎன்எம்:
நானும் மாணவன்தான். எங்களுக்கு "வேண்டியது ÷ கையில் இருப்பது × எத்தனை மில்லியில்" என்ற சூத்திரம் சொல்லிக்கொடுத்தார்கள். வேறு சிலர் அலகை அலகால் அடித்துக்கொண்டே போகிறார்கள். எது நல்லது?

திருப்பாதிரிப்புலியூர்_டியூட்டர்:
வாய்வழி மருந்துக்கும் ஒரே தடவை போடும் ஊசிக்கும் சூத்திரம் போதும், தம்பி. 166.7 ÷ 125 × 5. முடிந்தது. ஆனால் "கிலோவுக்கு நிமிடத்துக்கு மைக்ரோகிராம்" என்று ஆர்டர் வந்தால் சூத்திரம் கை கொடுக்காது. 60ஆல் பெருக்குவதும் 1,000ஆல் வகுப்பதும் அதில் ஒளிந்திருக்கிறது. அங்கே அலகை எழுதி அடித்துக்கொண்டு வருவதுதான் பத்திரம். கடைசியில் "மில்லி, மணிக்கு" என்ற அலகு மட்டும் மிஞ்ச வேண்டும். வேறு ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால் ஒரு படி விட்டுப்போயிருக்கிறது.

ரத்த அழுத்தத்தைத் தூக்கிப் பிடிக்க ஓட விடும் டோபமின் மருந்தை எடுத்துக்கொள்வோம். குழந்தை 15 கிலோ, கிலோவுக்கு நிமிடத்துக்கு 10 மைக்ரோகிராம். 10 × 15 = நிமிடத்துக்கு 150 மைக்ரோகிராம். 60ஆல் பெருக்கினால் மணிக்கு 9,000 மைக்ரோகிராம். 1,000ஆல் வகுத்தால் மணிக்கு 9 மில்லிகிராம். சிரிஞ்சில் 50 மில்லியில் 45 மில்லிகிராம் இருந்தால் ஒரு மில்லியில் 0.9 மில்லிகிராம். 9 ÷ 0.9 = மணிக்கு 10 மில்லி.

நெல்லிக்குப்பம்_ஜிஎன்எம்:
45 மில்லிகிராம் எங்கிருந்து வந்தது, மேடம்?

வில்லியனூர்_ஐசியூ:
அதை நான் சொல்றேன். எடையை 3ஆல பெருக்கு. 15 × 3 = 45. அத்தனை மில்லிகிராம் டோபமினை 50 மில்லிக்குக் கரைச்சா, மணிக்கு 1 மில்லி ஓடினா கிலோவுக்கு நிமிஷத்துக்கு 1 மைக்ரோகிராம். 10 வேணும்னா சிரிஞ்சைத் தள்ளுற பம்ப்ல 10. 100 மில்லிக்குக் கரைச்சா 6ஆல பெருக்கணும். டோபமின் ஆம்பூல் (உடைச்சு எடுக்கிற கண்ணாடிக் குப்பி) 5 மில்லியில 200 மில்லிகிராம், அதாவது மில்லிக்கு 40. 45 ÷ 40 = 1.13 மில்லி மருந்து, மீதி சலைன் சேர்த்து மொத்தம் 50. "50 மில்லி சலைன்ல 1.13 மில்லி சேர்"னு இல்ல, மொத்தமே 50.

இந்த முறை தலைமாட்டுல சட்டுனு கணக்குப் போட வசதி. ஆனா ஒவ்வொரு குழந்தைக்கும் ஒவ்வொரு அடர்த்தி வருது. பக்கத்துப் படுக்கை சிரிஞ்சை மாத்தி மாட்டினா கண்ணுக்குத் தெரியாது. அதனாலதான் பல இடங்கள்ல இப்போ இதை விட்டுட்டு எல்லாருக்கும் ஒரே அடர்த்தி, வேகத்தை மட்டும் மாத்துறதுன்னு வந்திருக்காங்க. என் கட்சியும் அதுதான். பரீட்சைக்கு ரெண்டும் தெரிஞ்சுக்கோங்க, வார்டுல அங்க எது நடைமுறையோ அதைக் கேட்டுக்கோங்க.

திருப்பாதிரிப்புலியூர்_டியூட்டர்:
இதில் முழுக்க உடன்படுகிறேன். சிரிஞ்சின் மேல் ஒட்டும் லேபிளில் மருந்தின் பெயர், மொத்த மில்லிகிராம், மொத்த மில்லி, ஒரு மில்லியில் எவ்வளவு, தேதி, நேரம், இரண்டு பேர் கையெழுத்து, எல்லாம் இருக்க வேண்டும். "டோபா 3×" என்று மட்டும் எழுதுவது போதாது.

மஞ்சக்குப்பம்_மருந்தகம்:
கணக்கைப் பற்றியே பேசுகிறோம். ஆனால் கணக்கு சரியாக இருந்தும் கையில் எடுத்த வையல் (ஊசி மருந்துக் குப்பி) தவறாக இருப்பதுதான் பெரிய ஆபத்து. நம்மிடம் கிடைக்கும் மருந்துகளைப் பாருங்கள்.

அமிகாசின் 2 மில்லியில் 100 மில்லிகிராம், 2 மில்லியில் 250, 2 மில்லியில் 500 என மூன்றும் வருகிறது. மூன்றும் 2 மில்லிதான், கையில் ஒரே அளவு. 8 கிலோ குழந்தைக்கு நாளைக்கு கிலோவுக்கு 15, இரண்டு வேளை என்று எழுதியிருந்தால் ஒரு வேளைக்கு 60 மில்லிகிராம். 100 வையலில் 1.2 மில்லி. 500 வையலில் 0.24 மில்லி. 500 வையலை எடுத்து "நேற்று 1.2 மில்லிதானே" என்று இழுத்தால் 300 மில்லிகிராம், ஐந்து மடங்கு. காதையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும் மருந்து இது. ஜென்டாமைசினும் அப்படித்தான்: 2 மில்லியில் 80, குழந்தைகளுக்கு 2 மில்லியில் 20.

பாராசிட்டமால் இன்னும் மோசம், ஏனென்றால் அதை யாரும் ஆபத்தாக நினைப்பதில்லை. 12 கிலோ × 15 = 180 மில்லிகிராம். 5 மில்லியில் 125 என்றால் 7.2 மில்லி. 5 மில்லியில் 250 என்றால் 3.6 மில்லி. சொட்டு மருந்து மில்லியில் 100 என்றால் 1.8 மில்லி. 7.2 என்ற எண்ணை மட்டும் நினைவில் வைத்துச் சொட்டு மருந்தில் கொடுத்தால் 720 மில்லிகிராம், கிலோவுக்கு 60. ஒரு நாள் உச்ச அளவு ஒரே வாயில் போய்விடும். ஆகவே சார்ட்டில் மில்லியை மட்டும் எழுதாதீர்கள். மில்லிகிராமும், எந்த அடர்த்தி என்பதும் கூடவே இருக்க வேண்டும்.

வில்லியனூர்_ஐசியூ:
ஐவி, அதாவது நரம்பு வழியா ஏத்துற பாராசிட்டமாலையும் சேர்த்துக்கோங்க சார். மில்லியில 10 மில்லிகிராம், பாட்டில் 100 மில்லி. அதே 12 கிலோவுக்கு 180 மில்லிகிராம்னா 18 மில்லி. பாட்டிலை அப்படியே ஸ்டாண்டில மாட்டி விட்டா 1,000 மில்லிகிராம் வரைக்கும் ஓடும். 18 மில்லியை சிரிஞ்ச்லயோ அளவுக் குழாய் வெச்ச பீடியாட்ரிக் செட்லயோ தனியா எடுத்து 15 நிமிஷம் ஓட விடணும். இதுல "180"ங்கிற எண்ணை மில்லின்னு படிச்சா பத்து மடங்கு.

கெடிலக்கரை_மாணவி:
இன்சுலின் கணக்கு ஒண்ணு கேட்கலாமா? 20 கிலோ, மணிக்குக் கிலோவுக்கு 0.1 யூனிட். 50 மில்லி சலைன்ல 50 யூனிட். எனக்கு மணிக்கு 2 மில்லி வருது.

நெல்லிக்குப்பம்_ஜிஎன்எம்:
சரிதான். 50 யூனிட் என்றால் 0.5 மில்லி இன்சுலின் எடுத்து 49.5 மில்லி சலைன் சேர்த்தால் போதும்.

வில்லியனூர்_ஐசியூ:
நில்லுங்க தம்பி. எந்த வையல்? மில்லியில 100 யூனிட் வையல்னாதான் 0.5 மில்லி. நம்ம ஊர்ல ரெகுலர் இன்சுலின் பெரும்பாலும் மில்லியில 40 யூனிட் வையல்ல வருது. அதுல 50 யூனிட்னா 1.25 மில்லி. நீங்க சொன்ன 0.5 மில்லி எடுத்தா 20 யூனிட்தான் போகும். பம்ப் மணிக்கு 2 மில்லி காட்டும், குழந்தைக்கு 0.8 யூனிட்தான் கிடைக்கும். சர்க்கரை இறங்கலைன்னு வேகத்தைக் கூட்டுவாங்க. அடுத்த சிரிஞ்சை வேறொருத்தர் சரியாக் கரைப்பாங்க. அப்போதான் தாழ்சர்க்கரை வரும்.

சிரிஞ்ச் மூடி சிவப்புன்னா 40 யூனிட் வையலுக்கு, ஆரஞ்சுன்னா 100 யூனிட் வையலுக்கு. 100 யூனிட் வையல்ல சிவப்பு மூடி சிரிஞ்ச் போட்டு 40 கோடு வரைக்கும் இழுத்தா உள்ள இருக்கிறது 100 யூனிட். இரண்டரை மடங்கு. மாணவி, உன் மணிக்கு 2 மில்லி சரி, வையலைப் படிச்சுக் கரைச்சிருந்தா மட்டும்.

நெல்லிக்குப்பம்_ஜிஎன்எம்:
தப்பு என்னுடையதுதான். திருத்திக்கொள்கிறேன், அக்கா. ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரினிலும் இப்படி உண்டா?

மஞ்சக்குப்பம்_மருந்தகம்:
உண்டு. 5 மில்லி வையல் இரண்டு விதம்: மில்லியில் 1,000 யூனிட், மில்லியில் 5,000 யூனிட். 60 கிலோ ஆளுக்கு முதல் டோஸ் கிலோவுக்கு 80 யூனிட் என்றால் 4,800 யூனிட். முதல் வையலில் 4.8 மில்லி, இரண்டாவதில் 0.96 மில்லி. அப்புறம் மணிக்குக் கிலோவுக்கு 18 என்றால் 1,080 யூனிட். 500 மில்லியில் 25,000 யூனிட் கரைத்தால் மில்லிக்கு 50, ஆக மணிக்கு 21.6 மில்லி. யூனிட் என்பதை ஆங்கில எழுத்து ஒன்றால் சுருக்காமல் முழுச் சொல்லாக எழுதுங்கள். அந்த எழுத்து சுழியம் போலத் தெரிந்து 10 யூனிட் 100 ஆகிவிடும்.

அரியாங்குப்பம்_தயாரிப்பு:
வெளிநாட்டுப் பரீட்சைக்குப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அமெரிக்கக் கேள்விகளில் எடை பவுண்டில் இருக்கும். 2.2ஆல் வகுக்க வேண்டும், பெருக்கக் கூடாது. 44 பவுண்டு 20 கிலோ. இடையில் எங்கும் முழுமையாக்காமல் கடைசி விடையில் மட்டும் முழுமையாக்க வேண்டும்.

எனக்கும் ஒரு சந்தேகம். எடையே சரியாகத் தெரியாவிட்டால் என்ன செய்வது?

பாகூர்_சிஸ்டர்:
முதல்ல எடை போடு. தராசை சுழியத்துக்குக் கொண்டு வா, ஈர நாப்கினைக் கழற்று. கையில ஐவிக்குப் பலகை கட்டியிருந்தா அதே மாதிரிப் பலகையை நிறுத்துக் கழி. நிக்க முடியாத குழந்தைன்னா அம்மாவோட சேர்த்து நிறுத்து, அம்மா எடையைக் கழி. ஆனா கைக்குழந்தையை இப்படி நிறுத்தாதே. பெரிய தராசுல கால் கிலோ அரை கிலோ வித்தியாசம் சர்வ சாதாரணம். 3 கிலோ குழந்தைக்கு அரை கிலோன்னா ஆறுல ஒரு பங்கு.

பிறந்த குழந்தைக்கு எடை கிராம்ல எழுதியிருக்கும். 1,850 கிராம்னா 1.85 கிலோ, 18.5 இல்ல. முதல் சில நாள்ல எடை இறங்கும், அதனால பிறந்த எடைக்குத் திரும்பி வர்ற வரைக்கும் பிறந்த எடையை வெச்சே டோஸ் போடுறதுதான் வழக்கம்.

உடம்பு வீங்கின குழந்தை, அதாவது சிறுநீர்ல புரதம் போற குழந்தைன்னா, தராசு காட்டுறதுல தண்ணியும் இருக்கு. எந்த எடையை எடுக்கிறதுன்னு டாக்டர் எழுதணும். நிறுக்கவே நேரமில்லாத அவசரம்னா வயசை வெச்சு மதிப்பு: 1 முதல் 6 வயசு வரைக்கும் வயசு × 2 + 8. 4 வயசுன்னா 16 கிலோ. சார்ட்ல "மதிப்பு"ன்னு எழுதி, நிறுத்ததும் மாத்தணும்.

திருப்பாதிரிப்புலியூர்_டியூட்டர்:
கனமான பிள்ளைகளுக்கு உச்ச வரம்பை மறக்காதீர்கள். 14 வயது, 72 கிலோ. செஃப்ட்ரையாக்சோன் நாளைக்குக் கிலோவுக்கு 100 என்றால் 7,200 மில்லிகிராம் வரும். வரம்பு நாளைக்கு 4 கிராம். அங்கே நிறுத்த வேண்டும். கிலோவால் பெருக்கி வரும் எண் பெரியவர் டோஸைத் தாண்டினால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள்.

எல்லாவற்றுக்கும் எடையால் பெருக்குவதும் தவறு. நம் பக்கம் வயல்வேலை செய்யும் ஊர்கள், பாம்புக்கடி வரும். நஞ்சுமுறி மருந்துக்குக் குழந்தை எடை கணக்கில்லை. உள்ளே போன நஞ்சைத்தான் முறிக்க வேண்டும், பாம்பு ஆள் பார்த்துக் குறைத்துக் கடிப்பதில்லை. பெரியவருக்கு 8 முதல் 10 வையல் என்றால் குழந்தைக்கும் அதே 8 முதல் 10. கரைக்கும் திரவத்தின் அளவை மட்டும் எடைக்கு ஏற்றபடி குறைப்பார்கள். பரீட்சையில் இதை எடையால் வகுத்து எழுதி மதிப்பெண் இழக்கிறவர்கள் அதிகம்.

கெடிலக்கரை_மாணவி:
தூள் வையல்ல 1 கிராம் செஃப்ட்ரையாக்சோனுக்கு 10 மில்லி தண்ணி விட்டா மில்லிக்கு 100தானே மேடம்?

மஞ்சக்குப்பம்_மருந்தகம்:
கிட்டத்தட்ட. தூளும் கொஞ்சம் இடம் பிடிக்கும். 9.6 மில்லி விட்டால்தான் மொத்தம் 10 மில்லி ஆகும். 10 மில்லி விட்டால் மொத்தம் சுமார் 10.4, ஆக மில்லிக்கு 96தான். 450 மில்லிகிராம் என்று 4.5 மில்லி எடுத்தால் உண்மையில் போவது 433 மில்லிகிராம். செஃப்ட்ரையாக்சோனில் இந்த வித்தியாசம் சின்னதுதான். ஆனால் பெட்டிக்குள் இருக்கும் தாளில் எவ்வளவு விடச் சொல்லியிருக்கிறது என்று பார்க்கும் பழக்கம் வேண்டும், மருந்துக்கு மருந்து இது மாறும். ரிங்கர் லாக்டேட் என்ற ட்ரிப் திரவத்தில் இதைக் கலக்காதீர்கள், அதிலுள்ள கால்சியத்தோடு சேர்ந்து படிந்துவிடும்.

கெடிலக்கரை_மாணவி:
சரி சார். இப்போ நானே ஒண்ணு போட்டுக் காட்டுறேன், பாருங்க. 15 கிலோ, வலிப்பு. ஃபெனிடாய்ன் கிலோவுக்கு 20 மில்லிகிராம், ஒரே தடவை. "ஒரே தடவை"க்கு அடிக்கோடு போட்டுட்டேன், நாளைக்கு இல்ல. 15 × 20 = 300 மில்லிகிராம். ஆம்பூல் 2 மில்லியில 100, மில்லிக்கு 50. 300 ÷ 50 = 6 மில்லி, 3 ஆம்பூல். 44 மில்லி சேர்த்து மொத்தம் 50. வேகம் நிமிஷத்துக்குக் கிலோவுக்கு 1 மில்லிகிராமுக்கு மேல போகக் கூடாது, அப்போ நிமிஷத்துக்கு 15. 300 ÷ 15 = 20 நிமிஷம். பம்ப்ல மணிக்கு 150 மில்லி.

வில்லியனூர்_ஐசியூ:
கணக்கு முழுசும் சரி. "44 மில்லி சேர்த்து"ன்னு எழுதினியே, எதைன்னு எழுதல. நார்மல் சலைன் மட்டும். டெக்ஸ்ட்ரோஸ்ல விட்டா படிஞ்சு வெள்ளையாயிடும். 20 நிமிஷமும் மானிட்டர்ல இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் பார்த்துக்கிட்டே இரு. துடிப்பு குறைஞ்சா பம்பை நிறுத்திட்டு டாக்டரைக் கூப்பிடு. ஊசி ஏறின இடம் வீங்குதான்னும் தொட்டுப் பாரு, வெளியில கசிஞ்சா தோல் வெந்துடும்.